தேர்தல் தேதிகளைத் தீர்மானிக்கும் படை இருப்பு: 'ஒரே தேர்தல்' கணக்கில் விடுபடுவது என்ன?

புது தில்லி: 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் முதல் கட்டமாக ஏப்ரல் 19-ஆம் தேதியே வாக்களித்துவிட்டன. முடிவு தெரிய ஜூன் 4 வரை, அதாவது 46 நாள்கள், காத்திருக்க நேர்ந்தது. அதுவரை நடத்தை விதிகள் அமலில் இருந்ததால், ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டங்கள்கூட நின்றுபோயின. இத்தனைக்கும் மாநிலத்தில் வாக்குப்பதிவு ஒரே நாளில் முடிந்திருந்தது. துணை ராணுவப் படையினர் ஏழு கட்டங்களாக நாட்டைச் சுற்றி வர வேண்டியிருந்ததே தாமதத்துக்கு முக்கியக் காரணம்.

வெயில், மழை, பண்டிகை, பள்ளித் தேர்வு எனப் பலவற்றையும் கருத்தில் கொண்டே தேதிகளை வகுப்பதாகத் தேர்தல் ஆணையம் கூறுவது வழக்கம். அது உண்மையே. ஆயினும், கட்டங்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது படைகளின் இருப்புதான். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் உள்ளிட்ட படைகள் தேர்தலுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. எல்லைக் காவல், மாவோயிஸ்ட் எதிர்ப்பு நடவடிக்கை போன்ற அன்றாடப் பணிகளிலிருந்து விடுவிக்கப்பட்டே அவை வாக்குச்சாவடிகளுக்கு அனுப்பப்படுகின்றன. 2024 தேர்தலுக்காக ஆணையம் கோரியது 3,400 கம்பெனிகள், ஏறத்தாழ 3.4 லட்சம் வீரர்கள். இதில் மேற்கு வங்கத்துக்கு மட்டும் 920 கம்பெனிகள் கேட்கப்பட்டன.

இந்தப் பற்றாக்குறை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஜம்மு-காஷ்மீரே சான்று. 2019-இல் அனந்தநாக் என்ற ஒரே மக்களவைத் தொகுதிக்கு மூன்று கட்டங்களாக வாக்குப்பதிவு நடந்தது. 2024-இல் மக்களவையுடன் சேர்த்துச் சட்டப்பேரவைக்கும் தேர்தல் நடத்த வேண்டும் என்று கட்சிகள் கோரின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு அளிக்க அப்போது படை இல்லை என்று அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமார் விளக்கமளித்தார். மக்களவைத் தேர்தல் முடிந்ததும் அமர்நாத் யாத்திரை தொடங்கியது. அதற்கும் இதே படைகள்தான் காவல். யாத்திரை ஆகஸ்ட் 19-இல் நிறைவடைய, மறுநாளே முதல் கட்டத்துக்கான தேர்தல் அறிவிக்கை வெளியானது.

அதன் எதிரொலி மகாராஷ்டிரத்தில் கேட்டது. 2009 முதல் ஹரியாணாவுடன் ஒரே நாளில் தேர்தலைச் சந்தித்து வந்த அம்மாநிலம், ஜம்மு-காஷ்மீருக்குப் படைகள் தேவைப்பட்டதால் நவம்பருக்குத் தள்ளப்பட்டது. வாக்கு எண்ணிக்கை நவம்பர் 23. பேரவையின் பதவிக்காலம் முடிவது நவம்பர் 26. இடையில் மூன்றே நாள்கள். ஆளுங்கட்சிக்குச் சாதகமாகவே தேர்தல் தள்ளிப்போடப்பட்டதாக எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. எத்தனை கம்பெனிகள் எங்கே, எத்தனை நாள்களுக்குத் தேவை என்ற கணக்கு தேதிகளுடன் சேர்த்து முழுமையாக வெளியிடப்படாதவரை, இத்தகைய ஐயங்களுக்கு ஆணையத்தால் முற்றுப்புள்ளி வைக்க இயலாது.

(கிரிக்கெட்டும் இதற்கு விலக்கல்ல. பாதுகாப்புக்குப் போதிய படை கிடைக்காததால் 2009 ஐபிஎல் போட்டிகள் தென்னாப்பிரிக்காவுக்கு இடம்பெயர்ந்தன. 2014-இல் தொடக்க ஆட்டங்கள் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெற்றன.)

இந்தப் பின்னணியில்தான் 2024 டிசம்பர் 17-இல் மக்களவையில் அறிமுகமான 129-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்த மசோதாவைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தினால் செலவு குறையும், படைகளை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியதில்லை என்பது ஆதரவாளர்களின் வாதம். ஐந்தாண்டுகளின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் இது பொருந்தக்கூடும். ஆனால், நெருக்கடி மொத்தத்தில் இல்லை, உச்சத்தில் இருக்கிறது. இரு தேர்தல்களின் தேவையும் ஒரே பருவத்தில் குவியும்போது படை பலம் அதே அளவில்தான் இருக்கும். வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஒரே நேரத் தேர்தலுக்கு 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுமார் ரூ.10,000 கோடி தேவைப்படும் என ஆணையமே மதிப்பிட்டுள்ளது. பயிற்சி பெற்ற படைப் பிரிவுகளை அவ்வாறு தேர்தலுக்குத் தேர்தல் வாங்க முடியாது. அப்படியானால் கட்டங்கள் கூடும்; முதலில் வாக்களித்த மாநிலங்களின் காத்திருப்பும் நீளும்.

மசோதாவிலேயே இதற்கு ஒரு வழி விடப்பட்டுள்ளது. ஒரு மாநிலப் பேரவைத் தேர்தலை மக்களவையுடன் சேர்த்து நடத்த இயலாது என்று ஆணையம் கருதினால், அதைப் பின்னர் நடத்தக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கலாம். எந்தக் காரணங்களுக்காக இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்பதை அப்பிரிவு வரையறுக்கவில்லை. படைப் பற்றாக்குறையும் ஒரு காரணமாகக் கொள்ளப்பட்டால், எந்த மாநிலம் காத்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு ஆணையத்தின் கைக்கே மீண்டும் வந்து சேரும்.