பெயரைப் பார்த்து மதம் எழுதாதே!



தாராவியில் குடியிருக்கும் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் பத்தாவது தேறினான். ரயில்வே வேலைக்கு மனுப் போட வேண்டும். சாதிச் சான்றிதழ் வேண்டும். தகப்பனாரின் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். அங்கே இருந்தவர் பையனின் பள்ளிச் சான்றிதழைப் புரட்டினார். “மதம் முஸ்லிம் என்று இருக்கிறதே. முஸ்லிமுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பையன் நெல்லைச் சீமை ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் மாரியம்மன் படம். பிறகு முஸ்லிம் எங்கிருந்து வந்தது? தகப்பனாரின் பெயரிலிருந்து வந்தது! பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று பாட்டி நாகூருக்கு நேர்ந்துகொண்டாள். தங்கிய பிள்ளைக்கு நாகூர் ஆண்டவர் பெயரை வைத்தாள். பேரனைப் பள்ளியில் சேர்த்த அன்று தகப்பனாருக்கு இரவு ஷிப்ட் முடிந்த தூக்கம். தாயாருக்கு மராத்தி தெரியாது. படிவம் நிரப்பியவர் பெயரைப் பார்த்தார், மதத்தை எழுதினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்களில் சிலர் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள். காலிக் கட்டம் இருந்தால் மேலதிகாரி ஏசுவார் என்பது எங்களுக்கும் தெரியும். அதற்காக ஒரு மனிதனின் மதத்தை ஊகித்து எழுதுவதா? எழுதியவருக்கு அரை நிமிட வேலை மிச்சம். திருத்துவதற்கு நாங்கள் பிரமாணப் பத்திரமும் கையுமாக ஏழு மாதம் அலைந்தோம். அதற்குள் மனுப் போடும் தேதி போய்விட்டது.

நாகூர் தர்காவுக்குப் போகிறவன் எல்லாம் முஸ்லிமா? வேளாங்கண்ணிக்கு நடக்கிறவன் எல்லாம் கிறிஸ்தவனா? நாகூரின் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்த ஊர் அதிகாரிகள் மராட்டிய மன்னரின் மதக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள்?

இது சின்ன விஷயம் அல்ல. வேறு மாநிலம் போன பட்டியல் சாதியினருக்குப் போன இடத்தில் அந்த மாநிலத்தின் சலுகை இல்லை என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருப்பது மத்திய அரசு வேலை. ஒரு பேனாக் கிறுக்கலில் அந்தக் கதவும் சாத்தப்படுகிறது.

சரி, உண்மையிலேயே மதம் மாறியவன் என்றால் அவனை விரட்டலாமா? அதையும் கேட்கிறோம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை மதத்தோடு முடிச்சுப் போட்டது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் இடம் கொடுத்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்றத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த கடைப்பெட்டி கிறிஸ்தவன் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் அவர் மனு தள்ளுபடியானது. செருப்புத் தைக்கும் ஊசி மதம் பார்த்தா குத்துகிறது? இந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-ல் பரிந்துரைத்தும் அவிழ்க்கவில்லை.

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தில் சிலர், “அந்தப் பெயரை மாற்றிவிட்டால் என்ன?” என்றார்கள். வேறு சிலர், “நாங்க அந்த ஆளுக இல்லைய்யா என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டாமா?” என்றார்கள். இந்தப் பேச்சை நாங்கள் ஒப்பவில்லை. பாட்டி நன்றியோடு வைத்த பெயரில் என்ன குற்றம்? “அந்த ஆளுக” என்றால் யார்? தாராவியில் நம் சுவருக்கு அடுத்த சுவர் நெல்லை முஸ்லிம் வீடு. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம்.

1992 டிசம்பரையும் 1993 ஜனவரியையும் மறந்துவிட்டோமா? அப்போதும் தெருவில் நிறுத்திப் பெயர் கேட்டார்கள். ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கில் செத்தவர் 900 பேர்; முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275, மற்றவர் 5. மீதி 45 பேர் இன்னார் என்றே தெரியவில்லை. “நான் அவன் இல்லை” என்று சொல்லித் தப்புகிறவன், அவனாக இருந்தால் அடிக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறான். நாளைக்கு “மதராசி” என்று நம்மைத் தேடி வரும்போது யாரைக் காட்டித் தப்புவது?

ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்வோம். எங்கள் மதம் என்ன, சாதி என்ன என்பதை எங்களிடம் கேட்டு எழுது. எந்த மதமானாலும் மரியாதையாக நடத்து.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலும் இதுவே விதி. 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025-ல் அரசு அறிவித்தது. நாம் சொல்லும் மதத்தைத்தான் கணக்கெடுப்பவர் எழுத வேண்டும். பெயரையோ தாடியையோ பார்த்து எழுத அவருக்கு அதிகாரம் இல்லை.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழை இருந்தால் பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே திருத்துங்கள். வெளியே வந்தபின் திருத்துவது பெரும்பாடு. மராத்தி தெரியாத தாய்மார்கள் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். கூட வர ஆள் உண்டு.

நம் தோழர் பெயரை மாற்றப் போவதில்லை. மாற வேண்டியது அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர்களின் புத்தி!