கரையான்மேல் பழி

அஞ்சுகிராமம் முக்கில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் தெரிந்த பெரியவர் ஒருவர், கக்கத்தில் மஞ்சள் பையோடு.

"என்ன பாட்டா, நாகர்கோவிலுக்கா?"

"ஆமா மக்கா, இன்னைக்கும் வாய்தா. தோப்புக் கணக்கை அண்ணனுக்குக் காட்டுன்னு தம்பிக்காரனுக்குக் கோர்ட்டு உத்தரவு போட்டு ரெண்டு வருஷமாச்சு. கரையான் தின்னுட்டுன்னு சொல்லுகான். அவனுக்குச் சாதகமான ரசீது மட்டும் முழுசா இருக்கு!"

பஸ் வந்தது, ஏறிப் போனார். அந்தக் கரையானின் புத்திசாலித்தனத்தை நினைத்துக்கொண்டு நான் நின்றேன்.

கோர்ட்டு அவமதிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது பேச்சுத்தான். 1967இல் கேரள முதலமைச்சராக இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட், நீதிபதிகளைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் ஏதோ சொன்னார். ஹைக்கோர்ட்டு ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. 1970இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஐம்பது ரூபாயாகக் குறைத்ததே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பை மாற்றவில்லை. சரி, பேசினவர் தண்டனை பெற்றார். உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு, கணக்கைப் பெட்டியில் பூட்டிவிட்டு, வாய்தாவுக்கு வாய்தா கும்பிடு போடுகிறவனோ மரியாதைக்காரன்! எது ஐயா அவமதிப்பு?

சட்டம் இல்லாமலில்லை. வேண்டுமென்றே உத்தரவை மீறுவதும் அவமதிப்பே என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். கையிலுள்ள தஸ்தாவேஜுகளைக் காட்ட மறுப்பவன் வாதியானால் வழக்கைத் தள்ளலாம், பிரதிவாதியானால் அவன் எதிர்வாதத்தையே நீக்கலாம் என்று 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 11ஆவது கட்டளையில் சொல்லியிருக்கிறது. ஆயுதம் உறையிலேயே துருப்பிடிக்கிறது. வெளியே வருவது இன்னொரு வாய்தா.

நம் சென்னை ராஜ்யத்திலேயே நடந்த கதை ஒன்று. சவுகார் ஒருவருக்காக அவருடைய குமாஸ்தா கோர்ட்டு ஏலத்தில் சொத்து எடுத்தார். 1945இல், எனக்கு அதில் உரிமையில்லை என்று சவுகாருக்கே விடுதலைப் பத்திரம் ரிஜிஸ்தர் செய்து கொடுத்தார். பிறகு அந்தப் பத்திரத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பாகம் கேட்டு வழக்குப் போட்டு, பூர்வாங்க டிக்ரியும் வாங்கிவிட்டார்! உண்மையை எடுத்து வைக்க வாதிக்குச் சட்டக் கடமையில்லை என்று ஹைக்கோர்ட்டே சொல்லிற்று. செங்கல்வராய நாயுடு வழக்கு என்று பேர்பெற்ற அந்த வழக்கில், 1993இல்தான், முக்கியமான பத்திரத்தை மறைப்பது கோர்ட்டையே மோசம் செய்வது, அப்படிப்பட்டவனை எந்தக் கட்டத்திலும் வெளியே தள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 1945 எங்கே, 1993 எங்கே!

"உண்மையாகவே கரையான் தின்றிருந்தால்?" என்று வக்கீல் நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். வேண்டுமென்றே மறைத்தவனுக்கே அந்தக் கடும் தண்டனை என்று 1978இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. அப்படியானால் சத்தியப் பிரமாணம் செய்யட்டும். கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யட்டும். எப்போது தின்றது, எந்தப் பெட்டியில் தின்றது, பக்கத்திலிருந்த ரசீதை ஏன் விட்டது? ஒரே நாளில் வெளுத்துவிடும். அதைச் செய்யாமல் இரண்டு வருஷம் காத்திருப்பது கருணையல்ல. பொய்யனுக்குக் கொடுக்கும் குத்தகை.

கோர்ட்டை மட்டும் குறை சொல்லி நாம் தப்ப முடியாது. நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழிக் குடும்பங்களில் காரணவர் கணக்குக் காட்டாத கொடுமையால் அழிந்தவை எத்தனை! கவிமணி அந்த அவலத்தை மான்மியமாகவே பாடிவைத்தார். 1926இல் சட்டம் வந்து அந்த வழி மாறிற்று. கணக்கை மறைக்கும் கை மாறவில்லை. மறைத்தவனைச் 'சாமர்த்தியசாலி' என்று மெச்சிக் கல்யாணப் பந்தியில் முதல் இலை போடுகிறவர்கள் நாம்தானே?

அந்தப் பெரியவர் அடுத்த வாய்தாவுக்கும் இதே முக்கில் நிற்பார். அதற்குள் தம்பியின் பெட்டியைத் திறக்கும்படி சொல்ல, நீதிபதிக்கு முன்பே, ஊரில் ஒருவருக்காவது வாய் வராதா?