நமக்கு நாமே மார்க்!

ராஜபாளையத்தில் ஒரு பயிற்சி முகாம். 'உங்களுக்குள் இருக்கும் தலைவனைக் கண்டுபிடியுங்கள்' என்று பேனர். மில் சூப்பர்வைசர்கள், கடை முதலாளிகள், நாலைந்து பேங்க் அதிகாரிகள்... நடுவே நான். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். 'கோபத்தைக் கட்டுப்படுத்துகிறேன்', 'அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்கிறேன்' என்று வரிசையாக 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் 112 வாங்கினேன். 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' எனக்குப் பொங்கி வழிகிறதாம்! பக்கத்து சீட்காரர் 118. டீ இடைவேளையில், சர்க்கரை கம்மி என்று டீ கொண்டுவந்த பையனை அவர் பேசிய பேச்சை இங்கே அச்சடிக்க முடியாது. 118 மார்க் வாங்கிய வாய் சார் அது!

என் லட்சணம்? வீட்டுக்கு வந்து பெருமையாகத் தாளை நீட்டினேன். மனைவி பென்சிலை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். நாலாவதோடு நிறுத்திக்கொண்டாள். "வேணாம், விடுங்க. நைட்டு தூங்க மாட்டீங்க!"

தெரியாமல்தான் கேட்கிறேன்... பரீட்சை எழுதுகிறவனே பேப்பரும் திருத்துகிற கூத்து வேறு எங்காவது உண்டா? க்ரூகர், டன்னிங் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் என்று டெஸ்ட் வைத்து, 1999-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைசிக் கால்வாசியில் கிடந்தவர்கள், சராசரியாக நூற்றில் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். அவர்கள் நினைத்துக்கொண்டிருந்ததோ 62 பேரை! இலக்கணத்திலேயே இந்தக் கதி என்றால், கோபத்துக்கும் கருணைக்கும் நாம் போட்டுக்கொள்கிற மார்க்கை யார் நம்புவது? அதை நம்பி ஒருத்தருக்குப் பதவி உயர்வு கொடுத்தால், நைட் ஷிப்ட்டில் அவருக்குக் கீழே நிற்கிற பெண்கள்தானே அனுபவிக்க வேண்டும்?

அதே ஊரில்தான் காந்தி கலை மன்றம் இருக்கிறது. பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்த இடம். முகாமில் ஒருத்தர்கூட அவர் பேரைச் சொல்லவில்லை. 1949 ஏப்ரலிலிருந்து மூன்று வருஷம் சென்னை மாகாணத்தை ஆண்டவர். ஆந்திரக் கடற்கரை, மலபார் எல்லாம் சேர்ந்திருந்த மாகாணம் அது. 1952 தேர்தலில், பதவியில் இருக்கும்போதே, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றார். தோற்றார்!

ஜனங்கள் போடுகிற மார்க் எப்போதும் சரியா என்பீர்கள். இல்லைதான். அரிசித் தட்டுப்பாடும் ரேஷன் எரிச்சலும் இருந்த நேரம். மொத்தக் காங்கிரசுக்கே 375-ல் 152 இடங்கள்தான். அந்தத் தோல்வியை வைத்து அவர் குணத்தை எடைபோட மாட்டேன். ஆனால், அது வெளியிலிருந்து வந்த மார்க். பேனா அவர் கையில் இல்லை. பிறகு 1954-ல் ஒரிசாவுக்கு கவர்னராகப் போனார். வீடு என்னவோ ஊருக்குத்தான் போனது. அதற்கு எந்தத் தாளில் கட்டம் இருக்கிறது?

நீங்களும் ஒன்று செய்யுங்களேன். உங்கள் தாளை உங்களிடம் திட்டு வாங்குகிறவர்கள் நாலு பேரிடம் கொடுங்கள். டிரைவர், டைப்பிஸ்ட், மகன்... யாராக இருந்தாலும் சரி. பேர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குத் துணிச்சல் இல்லையென்றால், தலைவர் என்கிற பேச்சையே விட்டுவிடுங்கள்.

முகாம் முடிந்ததும் பயிற்சியாளரிடம், "அந்த டீ பையன்கிட்டயும் ஒரு தாள் கொடுத்து, எங்களுக்கு மார்க் போடச் சொல்லலாமே?" என்று கேட்டேன்.

"அவன் பார்ட்டிசிபென்ட் இல்லையே சார்" என்றார்.