முள் காட்டை வளர்த்தது யார்?

தோழர்களே! தங்கச்சிமடத்தைப் பாருங்கள். சுற்றிலும் கடல், காலுக்குக் கீழே மணல். ஆனாலும் அங்கே பனையும் தென்னையும் நிற்கின்றன. மல்லிகைக் குச்சியை மணலில் ஊன்றி, தண்ணீர் தெளித்து, வேர் பிடிக்கவைத்து, கட்டுக் கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள் அந்த ஊர் உழைப்பாளிகள்.

பாம்பனைத் தாண்டி ராமநாதபுரம் பக்கம் வாருங்கள். வழியெல்லாம் சீமைக் கருவேலம்! ஒரே ஜில்லா, ஒரே ஐப்பசி கார்த்திகை மழை. பிறகு ஏன் இந்த வேற்றுமை?

"கருவேலம் வந்தது, ஊர் வறண்டது" என்கிறார்கள் சிலர். காற்றிலுள்ள ஈரத்தையே அது உறிஞ்சிவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கக் கண்டத்து மரம் அது. 1950-களுக்குப் பின், விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று சர்க்காரே விதை தூவிப் பரப்பியது. ஆனால் உழுகிற வயலில் முள் மரம் காடாகுமா? ஆகாது. தரிசில்தான் அது காடாகும்.

நிலம் தரிசானது எப்படி? இது கண்மாய்ச் சீமை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. அது நல்லதே. ஆனால் கண்மாயைத் தூர்வாரும் பொறுப்பை யாரும் ஒழுங்காக ஏற்கவில்லை. குடிமராமத்தும் மறைந்தது. வண்டல் மேடிட்டது. வைகையின் கடைமடைக்குத் தண்ணீர் வருவது அரிதாயிற்று. நெல் பொய்த்தது. சிறு விவசாயி ஏரை வைத்தான். கூலியாள் ஆலைக்கும் சூளைக்கும் போனான். இதைப் படிக்கும் ஆலைத் தொழிலாளர் பலரின் வீட்டுக் கதையும் இதுதான்!

காலி நிலத்தில் முள் ஏறியது. இனிப்பான அதன் காயை ஆடும் மாடும் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பின. பிறகு கரி மூட்டம் வந்தது. விதைக்க வேண்டாம், பாய்ச்ச வேண்டாம். நிலக்காரருக்குக் குத்தகை, வியாபாரிக்கு லாபம். வெட்டி அடுக்கி, மண் மூடி, புகையில் நிற்பவனுக்குக் கிடைப்பது கூலி மட்டும். ஆனால் பஞ்ச காலத்தில் அந்தக் கூலியும் விறகும்தான் ஏழையின் அடுப்பை எரித்தன. இதை மறக்கலாகாது.

2017-ல் இம்மரத்தை அகற்றும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நிபுணர்கள் ஆராயட்டும் என்று அதே ஆண்டில் தடையும் வந்தது. அகற்றுவது நியாயமே. எப்படி அகற்றுவது என்பதுதான் கேள்வி. மேலே வெட்டி எடுத்துப் போனால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும் நிலம் தரிசாகவே கிடந்தால் விதை முளைக்கும். காண்டிராக்டருக்குப் பணம், கண்மாய்க்கு மீண்டும் முள்!

ஆகவே நாம் கேட்பது இது. முதலில் கண்மாய்களில் வேரோடு பிடுங்குக. அதே கோடையில் தூர்வாருக. அந்த வேலையை உள்ளூர்க் கூலிகளுக்கே தருக. கரையில் பனை வைக்க வேண்டும். தரிசுப் புறம்போக்கை நிலமற்றவருக்குப் பயிரிடக் கொடுக்க வேண்டும். அதுவரை மூட்டம் போட்டுப் பிழைப்பவன் வயிற்றில் அடிக்கக் கூடாது.

தங்கச்சிமடத்து மணல் பசுமையாயிருப்பது அதிசயமல்ல. அங்கே தண்ணீர் கைக்கெட்டுகிறது, செடியை வாங்க ஆள் இருக்கிறது. இவ்விரண்டும் கிடைத்தால் கண்மாய்ச் சீமையும் விளையும். ஊர்தோறும் கூடிப் பேசுங்கள். அடுத்த மழைக்கு முன் கண்மாயைக் கேளுங்கள்!