இயேசுவைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள்

தேர்தல் நெருங்கினால் போதும், எங்கள் திருப்பருத்திக்குன்றம் டீக்கடையில் பைபிளைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட ஒரு பைபிள் வசனத்தை எடுத்து வீசுவார்கள். ராஜாவுக்கு உரியது ராஜாவுக்கு, கடவுளுக்கு உரியது கடவுளுக்கு என்று இயேசு சொன்னாராம். "அவரே மதம் வேற, அரசியல் வேறன்னு பிரிச்சு வெச்சுட்டாரு. அப்புறம் இந்த ஃபாதருங்களுக்குப் போராட்டத்துல என்னண்ணே வேலை?" சர்ச்சுக்குத் தவறாமல் போகிற பலரும் இதையே பக்திக் குரலில் சொல்கிறார்கள்: நமக்கு ஜெபம் போதும், அரசியல் உலகத்தாருடைய வேலை.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுவதே வேடிக்கை. பத்து நிமிடம் நடந்தால் திரைலோக்கியநாதர் கோயில். எல்லாவற்றையும் துறந்த சமணத் தீர்த்தங்கரர்களுக்கான கோயில்தான். ஆனால் அதன் சங்கீத மண்டபத்தை 1387-88-இல் கட்டுவித்தவர் இருகப்பர், விஜயநகர அரசர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சர், படைத்தலைவர். கட்டச் சொன்னவர் அவருடைய குரு புஷ்பசேன முனிவர். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்னால், 1368-இல், வைணவர்கள் தங்களை நெருக்குவதாகச் சமணர்கள் முறையிட்டது விஜயநகரப் புக்க மன்னரிடம்தான். மன்னர் சமணர் கையைப் பிடித்து வைணவர் கையில் வைத்து, இரு சமயத்துக்கும் வேறுபாடில்லை என்று தீர்ப்புச் சொன்னதை சிரவணபெளகொளாக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. மதமும் அரசும் ஒன்றையொன்று தொடாமல் இருந்த ஊர் எது என்று எனக்கு யாராவது காட்டட்டும்.

சரி, வசனத்துக்கு வருவோம். அது மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மதத்தையும் அரசியலையும் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. கேள்வி வரி பற்றியது, அதுவும் சிக்கவைக்கக் கேட்ட கேள்வி. யூதேயா ரோமானியர் பிடியில் இருந்த காலம். ரோமப் பேரரசரான சீசருக்கு, அதாவது டீக்கடை வசனத்தின் ராஜாவுக்கு, வரி கொடுக்கலாமா, கூடாதா? கொடுக்கலாம் என்றால் வரியால் நொந்துபோன சனங்கள் காறித் துப்புவார்கள். கூடாது என்றால் ரோம ஆளுநரிடம் புகார் போகும். இயேசு ஒரு காசைக் காட்டச் சொன்னார். அவர் மடியில் இல்லாத காசு, கேட்டவர்கள் மடியிலிருந்து உடனே வந்தது. பதிலில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

அந்தக் காசு நமக்கு அந்நியமில்லை. அது திபேரியு சீசரின் வெள்ளித் தெனாரியஸ் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாக அதே வகைக் காசு தமிழகத்துக்குக் குவியல் குவியலாக வந்தது. கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்து, திபேரியு காசுகள்தான் அதிகம். ஒரு பக்கம் மாலை சூடிய தலை, சுற்றிலும் இவன் தெய்வமாகிய அகஸ்துவின் மகன் என்று பொருள்படும் எழுத்து. மறுபக்கம் ஆசனத்தில் ஒரு பெண். ஒரு மனிதனைத் தெய்வ மகன் என்று சொல்லும் காசு அது. உருவத்தை வணங்காதே என்று கட்டளை பெற்றவர்கள் அதை மடியில் முடிந்து வைத்திருந்தார்கள். அதில் மதம் எது, அரசியல் எது என்று யார் பிரிக்கப்போகிறார்கள்? (1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே வெட்டு இருக்கிறது. செலாவணியிலிருந்து எடுக்க வெட்டியிருப்பார்கள் என்கிறார்கள். எப்படியோ, சீசர் முகத்துக்கு இங்கே யாரும் பயப்படவில்லை.)

சீசருக்கு உரியது அந்தக் காசு. கடவுளுக்கு உரியது எது? கேட்டுக்கொண்டிருந்த எந்த யூதருக்கும் விடை தெரியும்: பூமியும் அதில் உள்ள அனைத்தும். அப்படியானால் சீசருக்கு மிச்சம் என்ன? இது சொத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்த பாகப் பத்திரம் இல்லை. அவருடைய எதிரிகளும் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. லூக்கா 23-ஐப் புரட்டுங்கள். ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் இயேசுமேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, சீசருக்கு வரி கொடுக்கக்கூடாது என்று இவன் சனங்களைத் தடுக்கிறான் என்பது. பொய்க் குற்றச்சாட்டு என்றே வைத்துக்கொள்வோம். அரசியலே பேசாதவர்மேல் அந்தப் பொய் ஒட்டுமா?

இந்த வழக்கு நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் மூலம் 1930-இல் மறுபடி விசாரணைக்கு வந்தது. தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா தணிக்கையாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்தது அரசின் வரவு செலவையும் இந்திய வறுமையையும். உப்பு வரிக்கு எதிராகக் காந்தி கிளம்பியபோது, அகிம்சைப் போராட்டத்தை ஆதரிக்கும்படி கிறிஸ்தவ ஊழியர்களுக்குக் குமரப்பா வேண்டுகோள் விடுத்தார். மறுத்துப் பதில் எழுதியவர் கல்கத்தாப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட். சட்டமறுப்பு இயேசுவின் போதனைக்குப் பொருந்தாது என்பது அவர் கட்சி. இவருடைய தந்தை புரூக் ஃபாஸ் வெஸ்ட்காட், கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த பேரறிஞர்களில் ஒருவர். கிரேக்கம் வீட்டிலேயே இருந்தது. ஆனாலும் சாம்ராஜ்யத்தின் பேராயருக்குச் சாம்ராஜ்யத்துக்குச் சாதகமான பொருள்தான் கண்ணில் பட்டது. வரிப்பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்த மனிதர் வேறு பொருள் கண்டார். 1931-இல் சிறைக்கும் போனார்.

ஆள்வோர் விரும்பி எடுக்கும் இன்னொரு ஆயுதம், ரோமர் 13: அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற பகுதி. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு அதன்மேல்தான் சாய்ந்திருந்தது. 1985-இல் அங்கிருந்த இறையியலாளர்கள் கைரோஸ் ஆவணத்தில் அந்த வாசிப்பை உடைத்துப் போட்டார்கள். 2018-இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், எல்லையில் குடியேறிகளின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்கு இதே பகுதியைக் காட்டினார். அதை எழுதிய பவுல் பலமுறை சிறைப்பட்டவர் என்பதை இவர்கள் சொல்வதில்லை.

2011-இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் போட்டு மீனவர்கள் உட்கார்ந்தபோது, சர்ச்சுக்கு அரசியல் எதற்கு என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபடலாம். கடலை நம்பிப் பிழைக்கிறவன் தன் ஊரின் பெரிய முற்றத்தில் கூடினான். அது ஆலய முற்றமாக இருந்தது. அதே சர்ச் பள்ளிக்கூடம் கட்டும்போதும், புயல் நிவாரணத்துக்கு அரசோடு சேர்ந்து நிற்கும்போதும் இந்த வசனத்தை யாரும் எடுப்பதில்லை. கேள்வி கேட்டால் மட்டும் எடுக்கிறார்கள்.

இதை வைத்து, ஞாயிறு பிரசங்கத்தில் இன்ன சின்னத்துக்கு ஓட்டுப் போடு என்று சொல்கிற போதகரை நான் ஆதரிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர் செய்வதும் தப்புதான். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதைத் தடுக்க நம்மிடம் சட்டம் இருக்கிறது: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 123(3). 2017 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் முறைகேடே என்று தீர்ப்பளித்தது. இது எல்லா மதத்துக்கும் பொருந்தும். டீக்கடை அண்ணன்மாருக்கு என் வேண்டுகோள் இதுதான்: தேர்தலில் மதம் வரக்கூடாது என்றால் அந்தப் பிரிவைச் சொல்லிப் புகார் கொடுங்கள், நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். இயேசுவைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அவரையே அரசியல் குற்றவாளி என்று சொல்லித்தான் ரோம அரசு சிலுவையில் அறைந்தது.