ஏழு ராத்திரி, ஆறு ஊரு, பதினெட்டு பஃபே

நம்ம பொட்டி தட்டுற மக்களுக்கு இப்ப ஒரு காய்ச்சல் பரவிட்டு இருக்கு. ஐரோப்பாவுக்கு ஆன்சைட் வந்து ஆறு மாசம் ஆச்சுன்னா போதும், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மத்திய தரைக்கடல்ல க்ரூஸ் போயிடணும். ஏழு ராத்திரி, ஆறு ஊரு, மூணு வேளையும் பஃபே. ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், சாண்டோரினி எல்லாம் ஒரே டிக்கெட்டுல. எங்க டீம்ல மட்டும் நாலு ஜோடி போயிட்டு வந்தாச்சு. தங்கமணியும் அந்த விளம்பரத்தை எனக்கு ரெண்டு தடவை ஃபார்வர்ட் பண்ணினாங்க. கடைசியில நாங்க கப்பல்ல போகல. ஏன் போகலைன்னும், நீங்களும் ஏன் போக வேண்டாம்னும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த ஊர்ப் பேருங்க. "ரோம்"னு போட்டிருக்குமே, கப்பல் நிக்கிறது சிவிதாவெக்கியாவுல. அங்கிருந்து ரோமுக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல. "ஃப்ளாரன்ஸ்"னா லிவோர்னோ துறைமுகம், அதுவும் கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். வெனிஸ் இன்னும் சூப்பர். 2021 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கப்பலுங்க சான் மார்க்கோ முன்னாடி வரக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. அதனால பல கப்பலுங்க ராவென்னாவுலயோ திரியெஸ்தேயிலயோ ஒதுங்குது. ரெண்டுமே வெனிஸ்ல இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல. திண்டிவனத்துல இறக்கி விட்டுட்டு "இதான் சென்னை"ன்னு சொன்னா விடுவோமா நாம?

அப்புறம் நேரம். காலையில எட்டு மணிக்கு கரை தொட்டா சாயந்திரம் அஞ்சுக்கெல்லாம் கப்பல்ல இருக்கணும். பஸ்ஸுல போக வர மூணு மணி நேரம், இறங்க ஒரு வரிசை, ஏற ஒரு வரிசை. மிச்சம் இருக்கிறது மண்டை காயிற உச்சி வெயில் நேரம். அதே நேரத்துலதான் மத்த கப்பல் ஜனமும் அங்க நிக்கும். சாண்டோரினியில பழைய துறைமுகத்துல இருந்து மேல ஊருக்குப் போக கேபிள் கார், இல்லாட்டி 588 படி. கேபிள் கார் வரிசையிலயே பாதி நாள் போச்சுன்னு நம்ம நண்பர் ஒருத்தர் புலம்பித் தள்ளிட்டாரு. அந்தத் தீவுல குடியிருக்கிறவங்களே ஏறக்குறைய 15,000 பேருதான். 2025-ல கப்பல் பயணிகள் ஒரு நாளைக்கு 8,000 பேருக்கு மேல கூடாதுன்னு வரம்பு வச்சிருக்காங்க. வரம்பே எட்டாயிரம்னா அதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

வெனிஸ் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2024-ல ஊருக்குள்ள வர 5 யூரோ கட்டணம்னு கொண்டு வந்தாங்க. அந்த வருஷம் 29 நாளைக்கு. 2025-ல 54 நாளைக்கு, கடைசி நேரத்துல பதிஞ்சா 10 யூரோ. உடனே "ஊருக்கே டிக்கெட்டா, மியூசியமா இது?"ன்னு எல்லாரும் திட்டினாங்க. ஆனா விதிமுறையைப் படிச்சா விஷயம் வேற. காலை எட்டரையில இருந்து சாயந்திரம் நாலு வரைக்கும்தான் கட்டணம். ராத்திரி தங்குறவங்களுக்கு விலக்கு, பேரைப் பதிஞ்சு ஒரு கோடு வாங்கிட்டா போதும் (அவங்ககிட்டதான் ஹோட்டல் பில்லுலயே தனியா வரி வாங்கிடறாங்களே). அதாவது, வந்து மிதிச்சுட்டு ஓடுறவன்தான் பிரச்சினை, இருந்து பார்க்கிறவன் இல்லைன்னு அந்த ஊரே எழுதி வச்சிருக்கு.

நாங்க அங்க மூணு ராத்திரி இருந்தோம். ஆறு மணிக்கு மேல அது வேற ஊருங்க! காத்தாட ஒரு சதுக்கத்துல உட்கார்ந்திருந்தோம். சின்னப் பசங்க சர்ச் சுவத்துல பந்தை அடிச்சு விளையாடிட்டு இருந்தாங்க, ஒரு பாட்டி ஜன்னல்ல இருந்து கத்திட்டு இருந்தாங்க. காலையில ஆறரைக்கு எழுந்து போனா கால்வாய்ல காய்கறி, தண்ணி பாட்டில், சலவைத் துணி எல்லாம் படகுல போகுது. நம்ம ஊர்ல குட்டியானை செய்யற வேலையை அங்க படகு செய்யுது. 1951-ல அந்தப் பழைய நகரத்துல சுமார் 1,75,000 பேர் இருந்தாங்க, இப்ப ஐம்பதாயிரத்துக்கும் கீழ. அந்த மிச்ச ஜனத்தைப் பார்க்கணும்னா ராத்திரி தங்கினாத்தான் முடியும்.

தங்குறவங்க எல்லாம் யோக்கியம்னு சொல்ல வரல. வீடு வீடா சுற்றுலாவுக்கு வாடகைக்கு விட்டதுலயும்தான் ஊர்க்காரங்க வெளியே போனாங்க. அதனால நாங்க ஃப்ளாட் எடுக்காம ஒரு சின்ன ஹோட்டல்ல தங்கினோம். காசு கொஞ்சம் கூடத்தான்.

அங்கிருந்து விமானத்துல மால்டா. 316 சதுர கிலோமீட்டர்தான் நாடே. 1565-ல துருக்கியர் முற்றுகையைத் தாக்குப் பிடிச்ச வீரத்துறவிகள் அடுத்த வருஷம் அடிக்கல் நாட்டின ஊரு வலெட்டா. அங்க செயின்ட் ஜான் கதீட்ரல்ல கரவாஜியோ 1608-ல வரைஞ்ச பெரிய ஓவியம் இருக்கு, யோவானின் தலையை வெட்டுற காட்சி. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அதுதான், அதுவும் கீழே வழியிற ரத்தத்துல! அதே வருஷம் மனுஷன் அடிதடியில மாட்டி, கோட்டைச் சிறையில இருந்து தப்பிச்சு சிசிலிக்கு ஓடிட்டாரு. துறவிகள் கூட்டம் போட்டு, அவரோட அந்த ஓவியத்துக்கு முன்னாடியே வச்சு அவரைச் சபையில இருந்து நீக்கினாங்க.

இதைக் கேட்டதும் தங்கமணி, "ஏங்க, அப்ப நாமளும் அவர் பின்னாடியே போகலாமே"ன்னாங்க. போனோம். வலெட்டாவுல இருந்து சிசிலியின் பொத்ஸால்லோவுக்கு வேகப் படகு, ரெண்டு மணி நேரம் கூட இல்ல. அங்கிருந்து பஸ்ஸுல சிராகூசா. கரவாஜியோ ஓடி வந்து சேர்ந்த ஊரும் அதே, வந்த கையோட அவர் வரைஞ்ச புனித லூசியின் அடக்க ஓவியமும் அங்கதான் இருக்கு. ஆர்க்கிமிடீஸ் ஊரு வேற, இஞ்சினியருக்கு வேற என்ன வேணும் :-) ஒர்த்தீஜியா தீவுல இருக்கிற கதீட்ரல் வெளியில பார்த்தா பரோக் கட்டடம். உள்ளே போனா சுவத்துல கி.மு. 5-ஆம் நூற்றாண்டு அதீனா கோயில் தூணுங்க அப்படியே நிக்குது. கோயிலை இடிக்காம தூணுக்கு நடுவுல சுவர் எழுப்பி சர்ச்சாக்கிட்டாங்க. அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்துட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். கொடி பிடிச்ச கைடு பின்னாடி ஓடினா அது முடியுமா?

சாப்பாடு? ரெண்டு பேரும் சுத்த சைவம்தான், பட்டினி கிடக்கல. மால்டாவுல பாஸ்டிஸி, நம்ம பேக்கரி பஃப்ஸுக்கு அண்ணன். சிசிலியில கத்திரிக்காய் போட்ட பாஸ்தா.

வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்க, பெட்டியைத் தூக்க முடியாது, சக்கர நாற்காலி வேணும்னா, தாராளமா கப்பல்ல போங்க. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா இருபத்தெட்டு வயசுல, டேமேஜர் கால்ல விழுந்து பத்து நாள் லீவு வாங்கிட்டு, ஆறு ஊர்ல செல்ஃபி எடுக்க ஏன் போகணும்? ஊரைக் குறைச்சுக்கங்க, ராத்திரியைக் கூட்டிக்கங்க. செலவு எங்களுக்குக் கப்பலை விட கொஞ்சம் ஜாஸ்திதான் ஆச்சு. ஆனா கப்பல்ல கரைக்குப் போற டூருக்கும், தண்ணி கிண்ணிக்கும், டிப்ஸுக்கும் தனித்தனியா தீட்டுறதைச் சேர்த்தா பெரிய வித்தியாசம் வராது.

டிஸ்கி: இத்தாலி, மால்டா, கிரீஸ் மூணுமே ஷெங்கன்தான். குரோஷியாவும் 2023-ல சேர்ந்தாச்சு. ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு ஒரே விசா போதும், 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ. நடுவுல துருக்கிப் பக்கம் ஒதுங்குற திட்டம் இருந்தா மட்டும் மல்டிபிள் என்ட்ரி கேட்டு வாங்குங்க. கப்பல்ல போயிட்டு வந்தவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம், ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)