வராத பிள்ளைக்குப் பூஜ்ஜியம் போடாதீர்கள்

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. புரோகிராம் எழுதுகிறவர்களும், எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்க நேர்ந்தது. காய்ச்சலால் கணிதத் தேர்வுக்கு வராத மாணவிக்கு நேராக 0 என்று அச்சாகியிருந்தது. வீட்டில் அப்பா திட்டித் தீர்த்துவிட்டார். டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் அந்தக் கட்டம் காலி, அதாவது 'நல்'. பதிவு செய்தவர் சரியாகத்தான் விட்டிருந்தார். எடுத்துக் காட்டிய புரோகிராம்தான் பொய் சொன்னது.

ஜாவாவின் ஜேடிபிசியில் கெட்இன்ட் என்று கேட்டால், உள்ளே 'நல்' இருந்தாலும் 0 என்றே கையில் கொடுக்கும். அது உண்மையான 0 தானா என்று அறிய, உடனே அடுத்த வரியில் வாஸ்நல் என்று கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் சி நூலகத்திலும் இதே கதைதான். 'நல்' இருக்கும் இடத்தில் வெறும் எழுத்துச்சரம் வரும், காலிதானா என்று தனியாகக் கேட்க வேண்டும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படிக்காதது நம் குற்றம்.

இதன் விளைவு சின்னதல்ல. நான்கு பேர் 80, 70, 60, 90 எடுத்திருக்கிறார்கள், ஐந்தாமவர் வரவில்லை. எஸ்க்யூஎல்லின் சராசரி 'நல்'லைக் கணக்கில் சேர்க்காது, 75 என்று சொல்லும். நம் புரோகிராம் 0 போட்டுக் கூட்டினால் 60. வகுப்பாசிரியர் தலைமையாசிரியர் முன் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது பத்தித் தலைப்புகள். 'எல்லாவற்றையும் கொடு' என்று நட்சத்திரக் குறி போட்டுக் கேட்டுவிட்டு, நான்காவது பத்திதான் மதிப்பெண் என்று எண்ணை வைத்து எடுக்கிறார்கள். நாளை யாராவது நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால் நான்காவது இடத்தில் வேறு ஏதோ இருக்கும். ஜேடிபிசி 1 முதல் எண்ணும், பைத்தான் 0 முதல் எண்ணும் என்பது தனிக் குழப்பம்.

பெயரை வைத்து எடுத்தாலும் கவனம் தேவை. மாணவர் அட்டவணையையும் ஆசிரியர் அட்டவணையையும் இணைத்தால் 'பெயர்' என்று இரண்டு பத்திகள் வரும். ஜேடிபிசி முதலில் உள்ளதைக் கொடுக்கும். பைத்தானில் நாமே டிக்ஷனரியாக மாற்றினால் பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். இரண்டிலும் பிழைச் செய்தி வராது. கேள்வியிலேயே ஆளுக்கொரு மாற்றுப்பெயர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வந்திருப்பது என்ன என்று விடையிடமே கேட்கலாம். ஜாவாவில் ரிசல்ட்செட்மெட்டாடேட்டா, பைத்தானில் கர்சரின் டிஸ்கிரிப்ஷன். பத்திகள் எத்தனை, பெயர் என்ன என்பதை இவை சொல்லும். வகையையும் பல டேட்டாபேஸ்களில் சொல்லும். ஆனால் பைத்தானில் எஸ்க்யூலைட் பெயரை மட்டும் தந்து மற்ற ஆறு இடங்களையும் காலியாக விடும். அங்கே ஒவ்வொரு மதிப்புக்கும்தான் வகை, பத்திக்கு அல்ல.

"சார், இப்போது இதையெல்லாம் ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள் பழைய மாணவர்கள். பார்த்துக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் 'நல்' ஏற்காத இன்ட் என்று அறிவித்த இடத்தில் அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

என் கருத்து இதுதான். முதல் செலக்ட் கட்டளையைச் சொல்லித்தரும் அன்றே, ஒரு காலிக் கட்டத்தையும் வைத்துச் சொல்லித்தாருங்கள். செய்முறைத் தேர்வின் மாதிரித் தரவில் ஒரு 'நல்' கட்டாயம் இருக்கட்டும். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்பதையும் விடைத்தாளில் 0 என்பதையும் எந்த ஆசிரியரும் குழப்ப மாட்டார். நாம் எழுதவைக்கும் புரோகிராமும் குழப்பக் கூடாது.

உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.